கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி நிற்கும் நாயைப் பழக்குவது எப்படி?

பூங்காவில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, "மணி, வா... வாடா... மணி! டேய், வாடா இங்கே!" என்று பத்துப் பன்னிரண்டு தடவை கத்தி, கடைசியில் நானே மூச்சிரைக்க ஓடிப் போய் அவனைப் பிடித்து, பிடித்த ஆத்திரத்தில் முதுகில் ஒரு தட்டும் தட்டி வீட்டுக்கு இழுத்து வந்தவன் நான். "இந்த நாய் மாதிரி ஒரு பிடிவாதத்தைப் பார்த்ததே இல்லை" என்று அன்றைக்கு வீடு முழுக்கப் புலம்பல் வேறு. பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தப் பத்து நிமிடத்தில் நான் அவனுக்கு மூன்று பாடங்களை மிகச் சிறப்பாக நடத்தி முடித்திருக்கிறேன். 'வா' என்பது நான் சும்மா எழுப்புகிற ஒரு சத்தம். வராமல் நின்றால் நான் துரத்துவேன், அது ஜாலியான விளையாட்டு. என்னிடம் மாட்டிக்கொண்டால் அடி விழும், ஊர்சுற்றலும் முடிந்துபோகும். மூன்றையும் அவன் கச்சிதமாகக் கற்றுக்கொண்டான்.

பிடிவாதம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படித்தான். அதனால் பழக்க ஆரம்பிக்கும் முன், உங்கள் நாய் எதனால் கேட்கவில்லை என்று முதலில் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

முதலில் உடம்பு. நேற்று வரை உட்கார்ந்த நாய் இன்றைக்கு உட்கார மறுத்தால், இடுப்பு மூட்டிலோ முழங்காலிலோ வலி இருக்கலாம். வயதான நாய்க்குக் காது மந்தமாகியிருக்கலாம், காதில் சீழ் பிடித்திருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள், வலியோடு இருக்கிற நாயிடம் கட்டளையைத் திரும்பத் திரும்பச் சொல்வது கொடுமை.

அப்புறம் வயது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளைப் பிரிட்டனில் ஆராய்ந்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். 5 மாதத்தில் 'உட்கார்' என்றால் உட்கார்ந்த குட்டிகள், 8 மாதத்தில் தங்களை வளர்ப்பவர் சொன்னால் முன்னைவிடக் குறைவாகவே கேட்டன. முன்பின் தெரியாத ஆள் சொன்னாலோ ஒழுங்காக உட்கார்ந்தன! வீட்டில் பதின்பருவப் பிள்ளை இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பருவம் கடந்துபோகும், அதுவரை பயிற்சியை நிறுத்தாமல் இருந்தால் போதும்.

இனமும் ஒரு காரணம்தான். பார்டர் கோலி தூரத்தில் நிற்கும் மேய்ப்பனின் சைகையைப் பார்த்துப் பார்த்து வேலை செய்வதற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டது. பீகிள் மோப்பம் பிடித்தபடி தன் போக்கில் முன்னே ஓட வேண்டிய நாய், மனிதன்தான் அதன் பின்னால் ஓட வேண்டும். மந்தையைக் காக்கும் பெரிய நாய்களோ ராத்திரியில் ஆளில்லாத இடத்தில் தானே முடிவெடுக்க வேண்டியவை. இவை மூன்றையும் ஒரே தராசில் வைத்து "அது புத்திசாலி, இது மக்கு" என்பது அபத்தம். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும் என்று சும்மாவா சொன்னார்கள்.

இத்தனையையும் கழித்த பிறகு மிஞ்சுவது, நான் பார்த்த வரையில், ஒரே விஷயம்: நாம் சொல்லிக்கொடுத்துவிட்டதாக நினைப்பதை நாய் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்னச் சோதனை. உங்கள் நாய்க்கு 'உட்கார்' நன்றாகத் தெரியும் என்கிறீர்கள் அல்லவா? கையில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், நாய்க்கு முதுகைக் காட்டி நின்று, தலையைக்கூட அசைக்காமல் "உட்கார்" என்று சொல்லிப் பாருங்கள். அல்லது தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு சொல்லுங்கள். நிறைய நாய்கள் திருதிருவென்று விழிக்கும். ஏனென்றால் அது கற்றுக்கொண்டது வார்த்தையை இல்லை. நீங்கள் லேசாக முன்னால் குனிவது, பைக்குள் கை போவது, விரலைத் தூக்குவது, இவற்றைத்தான். விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பைத் தட்டி, கணக்குப் போடும் குதிரை என்று ஜெர்மனியில் பெயர் வாங்கிய ஹான்ஸ் விஷயத்திலும் இதுதான் நடந்தது. கேள்வி கேட்பவரின் முகத்திலும் உடம்பிலும் தன்னையறியாமல் வரும் சிறு அசைவைப் பார்த்துத்தான் அந்தக் குதிரை குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்துச் சொன்னார். நாய் அந்தக் குதிரையைவிட நம்மை உன்னிப்பாகப் பார்க்கும் பிராணி.

அடித்தால் என்ன?

அடியாத மாடு படியாது என்று ஒரு பழமொழி இருக்கிறதே என்பீர்கள். 'நாய்க்கு நாம்தான் கூட்டத்தலைவன் என்று காட்ட வேண்டும், மல்லாத்திப் போட்டு அமுக்க வேண்டும்' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்தத் தலைவன் கதையின் வேர் 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதிய ஓநாய் ஆராய்ச்சியில் இருக்கிறது. அவர் பார்த்தவை அடைப்புக்குள் இருந்த ஓநாய்கள். காட்டு ஓநாய்களைப் பல வருடம் பின்தொடர்ந்த டேவிட் மெக், 1970இல் தானே பரப்பிய இந்தக் கருத்தை, 1999இல் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம், சண்டை போட்டுத் தலைமையைப் பிடிக்கும் கதையெல்லாம் அங்கே பொருந்தாது என்றார். ஓநாய்க்கே பொருந்தாததை நாய்மேல் ஏற்றி என்ன பயன்?

போர்ச்சுகலில் 92 வீட்டு நாய்களை வைத்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், திட்டியும் கயிற்றைச் சுண்டியும் பழக்கும் இடங்களில் பயின்ற நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன, பயிற்சிக்குப் பின் மன அழுத்த ஹார்மோனும் கூடியிருந்தது. நான் சொல்ல வருவது இன்னும் எளிமையானது: அடித்தால் நாய் அடியைத்தான் கற்றுக்கொள்ளும், 'வா' என்பதன் அர்த்தத்தை அல்ல. உங்கள் கை எட்டாத தூரத்தில் நிற்கக் கற்றுக்கொள்ளும். நாயைக் கூப்பிட வேண்டிய அவசரம் வருவதோ எப்போதும் கை எட்டாத தூரத்தில்தான்.

கூலி கொடுங்கள்

நாய் சும்மா வேலை செய்யாது. நாமும்தான் செய்ய மாட்டோம். உங்கள் நாய்க்கு எது உயிர் என்று கண்டுபிடியுங்கள். வீட்டுக்குள், வேறு வேடிக்கை இல்லாத இடத்தில், அது தினமும் தின்கிற உணவு உருண்டையே போதும். வெளியே, நூறு வாசனை இழுக்கிற இடத்தில், அதே உருண்டையை நீட்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். அங்கே வேகவைத்த எலும்பில்லாத கோழியோ சீஸோ வேண்டும். துண்டு பட்டாணி அளவுக்கு மேல் போகக் கூடாது.  ஒரு நாளைய கலோரியில் இந்தக் கூலித் தீனி பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும், அதற்குமேல் போனால் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், சைலிடால் என்ற இனிப்பு சேர்த்த எதுவும் கூடவே கூடாது, இவை நாய்க்கு விஷம். சில நாய்களுக்குத் தீனியைவிடப் பந்துதான் பெரிது, அப்படியானால் பந்தே கூலி.

அடுத்து, ஒரு குறி வார்த்தை வேண்டும். நாய் சரியாகச் செய்த அந்தக் கணத்தைப் படம் பிடித்த மாதிரி சுட்டிக்காட்டும் வார்த்தை. 'சரி', 'நல்லது' என்று அன்றாடம் புழங்கும் சொற்கள் வேண்டாம், வீட்டில் யார் போனில் பேசினாலும் நாய் குழம்பும். நான் 'டப்' என்று வைத்துக்கொண்டேன், கேட்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. 'கிளிக்கர்' என்று விற்கிற சின்ன டப்பா செய்வதும் இதே வேலைதான். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளரிடம் படித்த மரியன், கெல்லர் பிரேலண்ட் தம்பதி 1940களிலேயே இந்த முறையில் விலங்குகளைப் பழக்கினார்கள், டால்ஃபின் பழக்குபவர்கள் ஊதும் விசிலும் இதன் உறவுதான். முதல் நாள் நாயிடம் எதுவும் கேட்காமல் 'டப்' சொல்லி உடனே ஒரு துண்டு, 'டப்' சொல்லி ஒரு துண்டு, பத்துப் பதினைந்து முறை. சொன்னதும் தலை விருட்டென்று திரும்பினால் பிடித்துக்கொண்டுவிட்டது என்று அர்த்தம். இதன் அருமை நேரத்தில் இருக்கிறது. நாய் உட்கார்ந்து, நீங்கள் பையைத் துழாவி, தீனியை எடுப்பதற்குள் அது எழுந்துவிட்டால், எழுந்ததற்குத்தான் கூலி கொடுக்கிறீர்கள். வார்த்தை ஒரு நொடிக்குள் விழுந்துவிடும், தீனி மெதுவாக வரட்டும்.

வார்த்தையைக் கடைசியில் சேருங்கள்

எல்லாரும் செய்கிற தவறு, முதல் நாளே "உட்கார் உட்கார்" என்று ஆரம்பிப்பது. தீனியை மூக்குக்கு மேலே கொண்டுபோய்ப் பின்பக்கமாக நகர்த்தினால் தலை நிமிரும், இடுப்பு தானாகத் தரையில் இறங்கும். 'டப்', தீனி. நாலைந்து முறைக்குப் பிறகு தீனி இல்லாத வெறுங்கையால் அதே சைகை. கையைப் பார்த்தாலே உட்காருகிறது என்று ஆனபிறகுதான் வார்த்தை. அதிலும் வரிசை முக்கியம்: "உட்கார்" என்று சொல்லி, ஒரு நொடி விட்டு, பிறகு கைச் சைகை. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் நாய் கையை மட்டும் பார்க்கும், வார்த்தை காற்றோடு போகும். சில நாட்களில், கை நகருவதற்கு முன்னாலேயே நாய் முந்திக்கொண்டு உட்காரும். அன்றைக்குத்தான் அது வார்த்தையைக் கற்றுக்கொண்டது.

இதற்குப் பிறகு ஒரே ஒரு கறாரான விதி. ஒரு முறைதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு இரண்டு மூன்று நொடி பேசாமல் நில்லுங்கள். செய்யவில்லையா, திரும்பச் சொல்லாமல், இரண்டு அடி கிட்டே போய், அல்லது கவனத்தை இழுக்கும் விஷயத்திலிருந்து தள்ளிக் கூட்டிப்போய், எளிதாக்கி மறுபடி ஆரம்பியுங்கள். "உட்கார், உட்கார், உட்காருன்னு சொல்றேன்ல" என்று சொல்லிப் பழகினால், நான்காவது முறை குரல் உயரும்போதுதான் உண்மையான கட்டளை வருகிறது என்று நாய் கணக்கு வைத்துக்கொள்ளும். நான் வைத்திருக்கும் அளவுகோல்: இப்போது சொன்னால் செய்யும் என்று பந்தயம் கட்ட எனக்குத் துணிச்சல் இல்லாவிட்டால், அந்த வார்த்தையை வாயிலிருந்து விடவே மாட்டேன்.

வீட்டில் உள்ள மற்றவர்களையும் உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். சோபாவிலிருந்து கீழே வர ஒருவர் 'இறங்கு' என்கிறார், இன்னொருவர் 'கீழே' என்கிறார், பாட்டி 'போடா அந்தப் பக்கம்' என்கிறார். நாயைப் பழக்குவதைவிடக் கஷ்டமான வேலை இதுதான் என்பது என் தாழ்மையான கருத்து.

வீட்டில் கேட்கும், வெளியே கேட்காது

கூடத்தில் கற்ற 'உட்கார்' வாசலில் செல்லாது, வாசலில் கற்றது தெருவில் செல்லாது. ஒரு இடத்தில் கற்றதை இன்னொரு இடத்துக்குத் தூக்கிப் போவதில் நாய்கள் நம்மைவிட மோசம். ஒவ்வொரு புது இடத்திலும் ஏறக்குறைய முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆனால் ஒவ்வொரு முறையும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

கடினமாக்குவதற்கு மூன்று வழி உண்டு: எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், சுற்றிலும் எவ்வளவு வேடிக்கை. மூன்றையும் ஒரே நாளில் ஏற்றக் கூடாது. ஒன்றை ஏற்றும்போது மற்ற இரண்டையும் இறக்கிவிடுங்கள். 'இரு' என்று பத்து நொடி உட்காரப் பழகிய நாயை, முதல் முறையாக வேறு நாய் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போனால் அங்கே இரண்டு நொடி போதும். எப்போது ஏற்றலாம், எப்போது இறக்கலாம்? ஐந்து ஐந்து முறையாகச் செய்யுங்கள். ஐந்தும் சரி என்றால் கொஞ்சம் கடினமாக்கலாம், மூன்றோ நான்கோ சரி என்றால் அதே நிலையில் இன்னொரு ஐந்து, இரண்டோ அதற்குக் கீழோ என்றால் எளிதாக்க வேண்டும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் "ஏன்டா கேட்க மாட்டேங்கிறே" என்ற கோபமே பாதி வராது.

'இரு' சொன்னால், முடிந்தது என்பதற்கும் ஒரு வார்த்தை வேண்டும், 'போ' என்றோ வேறு எதுவோ. இல்லாவிட்டால் எப்போது எழுவது என்பதை நாயே முடிவு செய்யும். அதற்குப் பெயர்தான் பிடிவாதம் என்று நாம் வைத்துவிடுகிறோம்.

ஒரு அமர்வு மூன்று முதல் ஐந்து நிமிடம், அவ்வளவே. தினமும் மணிக்கணக்கில் உழைக்க வேண்டும் என்று பயப்படாதீர்கள். டென்மார்க்கில் பீகிள் நாய்களை வைத்துச் செய்து 2008இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை பழகிய நாய்கள், வாரம் ஐந்து முறை பழகியவற்றைவிடக் குறைவான அமர்வுகளிலேயே பாடத்தைக் கற்றன. நாள் கணக்கில் பார்த்தால் அவற்றுக்கு அதிக நாள் ஆனது, அது வேறு விஷயம். ஒரு நாள் விட்டுப்போனால் குடி முழுகிவிடாது.

'வா', இது தனிப்பாடம்

மற்ற எல்லாக் கட்டளைகளையும் சேர்த்தாலும் இது ஒன்றுக்கு ஈடாகாது, உயிரைக் காப்பது இதுதான். 'வா' ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால், அதைச் சரிசெய்ய முயலாதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டுப் புது வார்த்தை எடுங்கள், அல்லது விசில் வாங்குங்கள். விசிலில் ஒரு சௌகரியம், நம் எரிச்சல் அதில் தெரியாது. நான் மணிக்கு விசிலுக்கு மாறினேன்.

முதல் வாரம் வீட்டுக்குள், நாய் ஏற்கெனவே உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கும்போது மட்டும் ஊதுங்கள். வந்ததும் ஒரு துண்டு அல்ல, ஐந்தாறு துண்டு, ஒவ்வொன்றாக, கூடவே கொஞ்சலும் பாராட்டும். அடுத்து வேறு அறையிலிருந்து. அப்புறம் வெளியே, ஐந்து முதல் பத்து மீட்டர் நீளமுள்ள கயிற்றோடு. அந்த நீளக் கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டாதீர்கள், ஓடிப்போய்ச் சுண்டி நின்றால் கழுத்துக்கு ஆபத்து, மார்புப் பட்டையில் கட்டுங்கள். கயிறு நாயை இழுத்து வருவதற்கு இல்லை. நீங்கள் கூப்பிட்டதை அலட்சியம் செய்துவிட்டு ஓடி மகிழும் வாய்ப்பு கிடைக்காமல் இருப்பதற்குத்தான். வரவில்லை என்றால் கயிற்றின் முனையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஓடுங்கள், ஓடுபவரைத் துரத்துவது நாயின் சுபாவம். எக்காரணம் கொண்டும் நீங்கள் அதைத் துரத்தாதீர்கள்.

கூப்பிட்டு வந்ததும் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, கயிற்றைப் பூட்டி வீட்டுக்குக் கிளம்புவது, இவற்றுக்கெல்லாம் அந்த வார்த்தை கூடாது. அவற்றுக்கு நீங்களே நடந்துபோய்ப் பிடியுங்கள். பூங்காவில் பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை தீனி கொடுத்து "போ, விளையாடு" என்று திரும்ப அனுப்பிவிட வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. டேவிட் பிரீமாக் என்ற உளவியலாளர் 1959இல் எழுதியது: விருப்பமான காரியத்தை, விருப்பம் குறைந்த காரியத்துக்குக் கூலியாக வைக்கலாம். காயைத் தின்றால்தான் இனிப்பு என்று குழந்தையிடம் சொல்கிறோமே, அதேதான். என் பையில் உள்ள கோழியைவிட அந்த மரத்தடி வாசனைதான் மணிக்குப் பெரிது. சரி, என்னிடம் வந்தால் அந்த மரத்தடிக்கே கூட்டிப்போகிறேன் என்று மாற்றினேன். எது என் எதிரியாக இருந்ததோ அதுவே எனக்குச் சம்பளப் பணமாகிவிட்டது.

ஒருவேளை அரைமணி நேரம் டிமிக்கி கொடுத்துவிட்டு வந்து நின்றாலும் திட்டாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தீனி கொடுங்கள். நாய்க்குக் கடைசியாகச் செய்தது மட்டுமே கணக்கு. அது வந்ததற்குத் திட்டு வாங்கியதாகத்தான் பதிவாகும்.

தீனியை எப்போது குறைப்பது?

எல்லாரும் கேட்கிற கேள்வி, பெரும்பாலும் இரண்டாவது நாளே கேட்கிறார்கள். புது இடத்திலும் பத்துக்கு ஒன்பது சரியாகச் செய்யும்வரை குறைக்காதீர்கள். அதற்குப் பிறகு எப்போது கிடைக்கும் என்று தெரியாத மாதிரி கொடுங்கள்: ஒருமுறை ஒன்று, அடுத்த முறை வெறும் பாராட்டு, அதற்கடுத்து திடீரென்று ஐந்து. சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் மனிதர்களை உட்கார வைத்திருப்பது இந்தத் தந்திரம்தான். ஆனால் 'வா'வுக்கு மட்டும் நான் இன்றுவரை ஏதாவது கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சாப்பாட்டு மேசைக்குக் கீழே குரைத்துப் பிச்சையெடுப்பது மாதிரி ஒரு பழக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டு நிறுத்தப் பார்க்கிறீர்கள் என்றால், அது குறைவதற்கு முன்னால் கூடும். இரண்டு நாள் பயங்கரமாகக் குரைக்கும். அந்த உச்சத்தில் மனம் இளகி ஒரு துண்டு போட்டீர்களோ, அவ்வளவு சத்தமாகக் குரைத்தால்தான் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்துவிடுவீர்கள். தாங்க முடியாது என்று தெரிந்தால் ஆரம்பிக்கவே வேண்டாம், சாப்பிடும் நேரத்தில் வேறு அறையில் விட்டுவிடுங்கள்.

உறுமினால், தட்டை நெருங்கும்போது விறைத்து நின்றால், கடிக்க வந்தால், இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு மருத்துவரையும் விவரம் தெரிந்த பயிற்சியாளரையும் பாருங்கள். உறுமியதற்குத் தண்டிக்கவும் செய்யாதீர்கள். உறுமல் ஒரு எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் பல் வரும்.

எத்தனை நாள் ஆகும்? 'உட்கார்' ஒரு வாரத்துக்குள் வந்துவிடும். நம்பிக்கையோடு கயிற்றை அவிழ்க்கும் அளவுக்கு 'வா' வர மாதங்கள் ஆகும், நடுவில் பத்து நாள் எல்லாம் மறந்த மாதிரி நடந்துகொள்ளும், அப்போது கயிற்றைத் திரும்பப் பூட்டி இரண்டு படி கீழே இறங்கிவிடுங்கள். மணிக்கு எட்டு மாதம் ஆனது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டார்கள், ஆரம்பிக்கும்போது அவனுக்கு வயது ஆறு. இப்போது விசில் ஊதினால் பந்தை நடுவழியில் போட்டுவிட்டுக்கூட வருகிறான். பூனை குறுக்கே போனால் மட்டும் பத்துக்கு ஏழுதான், அதனால் வண்டி போகிற சாலை பக்கத்தில் இருக்கும்வரை அவன் கயிற்றை நான் அவிழ்ப்பதில்லை.